நூலை எண்ணுகிறவர்கள்

ஒரு யுத்தத்தில் உடுத்த உடுப்பை நூலுக்கு நூல், பொத்தானுக்குப் பொத்தான் பிழையில்லாமல் மறுபடி செய்து போட்டுக்கொள்கிறவன் அந்த யுத்தத்தைப் பற்றிய உண்மையைச் சொல்கிறானா, அல்லது மிகவும் நேர்த்தியான ஒரு பொய்யைச் சொல்கிறானா? யுத்தத்திலிருந்து தப்பி வந்த எங்களுக்கு இந்தக் கேள்வியே விநோதமாகப் படலாம். சீருடையைக் கண்டால் ஓடி ஒளித்த சனம் நாங்கள். காசு செலவழித்து, லீவு எடுத்து, ஆசையோடு சீருடை போட்டுக்கொண்டு, சூடுபட்டவன் மாதிரிப் புல்லில் விழுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். 2015 யூனில், வாட்டர்லூ சண்டையின் இருநூறாவது ஆண்டில், பெல்ஜியத்தின் வயல்வெளியில் நெப்போலியன் காலத்து உடுப்புகளோடு ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்தார்கள். இந்தப் பழக்கம் ஆழமாக வேரோடிய இடம் அமெரிக்கா. 1861 முதல் 1865 வரை அங்கே நடந்த உள்நாட்டு யுத்தம் இன்றும் வார இறுதிகளில் மைதானங்களில் மீள நடிக்கப்படுகிறது. அந்த யுத்தத்தின் உடுப்பை வைத்தே எங்கள் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

வடபகுதிப் படையின் கடும் நீலக் கம்பளிச் சட்டைக்கு நான்கு பித்தளைப் பொத்தான்கள். காற்சட்டை வெளிர்நீலம். தென்பகுதிப் படைக்குச் சாம்பல் நிறம், அல்லது தாவரச் சாயம் வெளிறிப்போன மண்ணிறம். 'ஜீன்' என்று அந்நாளில் அழைக்கப்பட்ட துணியில் பாவு பருத்தி நூலாகவும் ஊடை கம்பளி நூலாகவும் இருக்கவேண்டும். பொத்தான் துளை கையால் தைத்ததாக இருக்கவேண்டும். சப்பாத்தின் அடித்தோல் மர ஆணியால் அறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்க் குடுவை தகரத்தால் செய்து கம்பளித் துணியால் மூடியதாக இருக்கவேண்டும். தோள்பை தார் பூசிய துணியில் இருக்கவேண்டும். கைக்கடிகாரம் கூடாது, இக்காலத்து மூக்குக்கண்ணாடி கூடாது. துவக்கு 1853ஆம் ஆண்டு வடிவமைப்பான என்ஃபீல்ட். இரு தரப்பும் இலட்சக்கணக்கில் இறக்குமதி செய்த ஆயுதம் அது. 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டா இதே துவக்குக்கு உரியதுதான். இன்று அதன் நகல்கள் இத்தாலியில் செய்யப்பட்டு வருகின்றன. மைதானத்தில் வெறும் வெடிமருந்தை மட்டும் இட்டுச் சுடுவார்கள், குண்டு கிடையாது.

இவற்றில் பிழை விடுகிறவனைக் கூப்பிட அவர்களிடம் 'ஃபார்ப்' என்று ஒரு இளக்காரச் சொல் இருக்கிறது. பிழையே விடாதவர்களை மற்றவர்கள் நூலை எண்ணுகிறவர்கள், தையலை எண்ணுகிறவர்கள் என்று கேலி செய்வார்கள். ரொனி ஹோர்விற்ஸ் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு திரிந்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். பித்தளைப் பொத்தானின் மினுக்கம் போகச் சிறுநீரில் ஊறப்போடுகிறவர்கள், பட்டினிச் சிப்பாயின் உடம்பு வரவேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள், களத்தில் கிடந்து வீங்கிய பிணத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறவர் என்று பலரை அதில் காணலாம்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிச் செய்ய விரும்பவில்லை. ஒரு பண்டத்தின் பக்குவத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றுகிறவன் அதை முதலில் ஆக்கிய கையை மதிக்கிறான் என்பது சமையலறையில் நின்று பிழைக்கிற எங்களுக்குத் தெரியும். யூலை மாத வெயிலில் கம்பளிச் சட்டை எப்படிச் சுடும், அந்தச் சப்பாத்தோடு பத்து மைல் நடந்தால் கால் என்ன ஆகும், ஒருமுறை சுட்டபின் துவக்கை மறுபடி நிரப்ப எத்தனை அசைவு தேவை என்பவற்றை உடம்பால் அறிகிறவர்கள் இவர்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் சிலருக்கே இல்லாத அறிவு இது. தங்கள் பாட்டன் பூட்டன் போட்ட உடுப்பை இவ்வளவு கரிசனையோடு தேடுகிற மனிதனிடம் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அந்த அக்கறை எதன்மீது வைக்கப்படுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதுதான் பார்க்கவேண்டியது.

முதலாவது விடயம், அசல் என்று இவர்கள் தேடுகிற பொருளே பல இடங்களில் போலியாக இருந்திருக்கிறது. 1861இல் யுத்தம் தொடங்கியபோது அவசரம் அவசரமாகச் சீருடை தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் கந்தல் கம்பளியை அரைத்து, ஒட்டி, அழுத்திய துணியில் தைத்துக் கொடுத்தார்கள். மழையில் நனைந்ததும் அந்த உடுப்புகள் சிப்பாயின் உடம்பிலேயே பிரிந்து தொங்கின. அந்தத் துணிக்குப் பெயர் 'ஷொடி'. மட்டமான வேலை எதையும் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்குகிற சொல் அதுதான். நல்ல கம்பளியில், நல்ல தையலில் இன்று செய்யப்படுகிற நகல், 1861இல் பல சிப்பாய்களுக்குக் கிடைத்த அசலைவிட அசலாக இருக்கிறது!

கையால் தைத்த பொத்தான் துளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பிலடெல்பியாவில் இருந்த ஷூல்கில் ஆயுதக்கிடங்கு வெட்டிய துணியைப் பெண்களிடம் கொடுத்தனுப்பும். அவர்கள் வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யுத்தத்துக்குப் புருசனைக் கொடுத்தவர்களும் யுத்தத்தில் புருசனை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இடைத்தரகர்கள் கூலியை அரித்துத் தின்றபோது அந்தப் பெண்கள் ஜனாதிபதி லிங்கன் வரை முறையிட்டார்கள். இன்று ஒரு ஆர்வலன் கண்ணருகே வைத்துப் பார்த்து மெச்சுகிற தையல், விளக்கு வெளிச்சத்தில் சில சதங்களுக்காகப் போடப்பட்ட தையல். மைதானத்தில் அவளுக்குப் பாத்திரம் இல்லை.

அந்த யுத்தத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குண்டு பட்டுச் சாகவில்லை. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், சின்னமுத்து என்று நோயால் செத்தார்கள். உண்மைக்கு விசுவாசமான மீள்நடிப்பு என்றால் மூன்றில் இரண்டு பேர் கக்கூஸ் குழியருகே கிடக்கவேண்டும். ஒருவரும் அதற்கு டிக்கற் வாங்கமாட்டார்கள். அசல்தன்மை என்பது எப்போதும் தெரிவுசெய்யப்பட்ட அசல்தன்மைதான்.

இரண்டாவது விடயம் அந்தப் பாவு நூல். தென்பகுதிச் சிப்பாயின் ஜீன் சட்டையில் பாவு பருத்தியாக இருக்கவேண்டும் என்று இவர்கள் வலியுறுத்துவது சரிதான். அந்தப் பருத்தியைப் பறித்தது யார்? 1860இன் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள். தென்பகுதி அரசு 1861இல் எழுதிக்கொண்ட அரசியலமைப்பு, அடிமைகள்மீதான சொத்துரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் இயற்றக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சட்டை எதற்காகப் போடப்பட்டதோ அதுவே அந்தச் சட்டையின் நூலிலும் ஓடுகிறது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணத் தெரிந்தவன் இதை மட்டும் எண்ணாமல் விட்டால், அதை வெறும் மறதி என்று எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. 'எங்களுக்கு அரசியல் வேண்டாம், சிப்பாயின் வாழ்க்கைதான் வேண்டும்' என்பது இவர்கள் அடிக்கடி சொல்கிற நியாயம். சீருடை என்கிற பொருளே ஒரு அரசியல் கட்டளை. அரசியலைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வது எப்படி?

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2010இல் ஒஹையோ மாநிலத்தில் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போட்டியிட்ட ரிச் ஐயொற் என்ற வேட்பாளர், முந்திய ஆண்டுகளில் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். சீருடையில் மீள்நடிப்புகளில் பங்குபற்றியவர் என்பது படங்களோடு வெளிவந்தது. வரலாற்று ஆர்வம்தான் என்று அவர் சொன்னார். உடுப்பில் பிழை இருந்திருக்காது. பிழையே இல்லாததுதான் அங்கே பயங்கரம். ஜேர்மனியில் அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். பிரான்சில் அந்தச் சீருடையைப் பொது இடத்தில் அணிவது தண்டனைக்குரியது, திரைப்படத்துக்கும் வரலாற்றைச் சித்தரிக்கும் காட்சிக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஒரு துணிக்கு எதிராக அரசுகள் சட்டம் எழுதுகின்றன என்றால், அது வெறும் துணி இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

அதேவேளை, சீருடை எல்லாமே அழிவின் அடையாளம் என்று ஒரே தடியால் அடித்துவிடவும் முடியாது. அதே அமெரிக்க யுத்தத்தில் கறுப்பினத்தவர்கள் வடபகுதிச் சீருடையைக் கேட்டுப் போராடிப் பெற்றார்கள். நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்ட மனிதன் அரசின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவனை இனி மனிதன் இல்லை என்று சொல்வது கடினம் என்பதைப் பிரெடரிக் டக்ளஸ் போன்றவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். அந்த உடுப்புக்கும் அவர்களிடம் வேறு விலை வாங்கப்பட்டது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர், உடுப்புப் படி வேறு. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டொலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டொலர் கழிவு. மசசூசெற்ஸ் 54ஆவது படைப்பிரிவு இந்தச் சம்பளத்தை வாங்கவே மறுத்து ஒன்றரை வருடமளவு சம்பளமின்றிப் போரிட்டது. 1864 யூனில்தான் காங்கிரஸ் சம்பளத்தைச் சமப்படுத்தியது. இன்று அந்தப் படைப்பிரிவின் சீருடையில் அணிவகுக்கிற கறுப்பினத்தவர்களும் இருக்கிறார்கள். தையலைப் பற்றி அவர்களும் கவலைப்படுவார்கள். ஆனால் அந்த மூன்று டொலரின் கதையைச் சொல்லாமல் அந்தச் சட்டையைப் போடுவது அவர்களுக்குக் கடினம்.

அசல்தன்மை ஆட்களை வெளியே நிறுத்தும் வேலிக்கம்பியாகவும் பயன்பட்டிருக்கிறது. 1989இல் அன்ரீற்றம் போர்க்களத்தில் சிப்பாய் உடுப்பில் வந்த ஒருவர் பெண் என்று தெரிந்ததும், சரித்திரத்துக்கு ஒவ்வாது என்று தடுக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டு 1993இல் வென்றார். உண்மையில் அந்த யுத்தத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆண் வேடத்தில் போரிட்டார்கள் என்பது ஆவணங்களில் உள்ள செய்தி. அங்கே வந்த ஆண்களில் பலர் அசல் சிப்பாயைவிட இருபது வயது மூத்தவர்கள், வண்டி வைத்தவர்கள். அது மட்டும் சரித்திரத்துக்கு ஒவ்வியது போலும்.

இனி நாங்கள் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறோம். சீருடை இல்லாதவர்கள் எங்கே?

1863 யூலை முதல் மூன்று நாட்களில் பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க்கில் நடந்த சண்டைதான் மிகவும் விரும்பி மீள நடிக்கப்படுகிற சண்டைகளில் ஒன்று. செத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 51,000 பேர். அந்தச் சண்டைக்கு முந்திய வாரங்களில் ஜெனரல் லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து அடிமைத்தனத்துக்கென்று தெற்கே கொண்டுசென்றது. சாம்பல் நிறச் சட்டை வருகிறது என்ற செய்தி கேட்டதும் கெற்றிஸ்பேர்க்கின் கறுப்புக் குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடின. ஏபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயிக்குச் செமற்றறி றிட்ஜ் என்ற மேட்டில் 12 ஏக்கர் காணி இருந்தது. அவரும் குடும்பத்தோடு ஓடினார். மூன்றாம் நாளின் பெருந்தாக்குதல் அவருடைய வளவையும் மிதித்துக்கொண்டு போனது. திரும்பி வந்து பார்த்தபோது வீடு துளைபட்டு, வேலி போய், பயிர் போய்க் கிடந்தது. 1,028 டொலர் நட்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டொலர்.

ஓடி, திரும்பி வந்து, விண்ணப்பப் படிவம் நிரப்பி, பதினைந்து டொலரோடு நிற்கிற அந்த மனிதனை எங்களுக்கு உடனே அடையாளம் தெரிகிறது. அவர் என்ன உடுத்திருந்தார்? ஒருவரும் அதன் நூலை எண்ணி வைக்கவில்லை. அதே மூன்றாம் நாள், ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த ஜெனி வேட் என்ற 20 வயதுப் பெண் கதவைத் துளைத்து வந்த குண்டால் செத்தாள். சண்டையின்போது நேரடியாகக் கொல்லப்பட்ட ஒரே ஊர்வாசி அவள். மீள்நடிப்பாளர்கள் அந்தக் காலத்துச் சிப்பாய் விசுக்கோத்தை அதே அளவில் சுட்டுக் கொண்டுவருவார்கள். அவள் குழைத்த மா அவர்களுடைய பொதியில் இல்லை.

அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை தன் பொறுப்பிலுள்ள போர்க்களங்களில் இரு அணிகள் எதிரெதிரே நின்று சுட்டு விழுகிற நடிப்பைத் தடைசெய்திருக்கிறது. எவ்வளவுதான் ஆராய்ந்து செய்தாலும் யுத்தத்தின் துயரத்தை அப்படிக் காட்டிவிட முடியாது என்பது அதன் நிலைப்பாடு. அதனால் நடிப்புகள் பெரும்பாலும் தனியார் நிலங்களில் நடக்கின்றன. 2017 ஒக்ரோபரில் வேர்ஜீனியாவில் சீடர் கிறீக் மீள்நடிப்பின்போது உண்மையான குழாய்க் குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. வெடிக்கவில்லை. உடனே எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். உயிர்ப்பயம் வந்து சேர்ந்த அந்த நேரத்தில் பொத்தானின் நிறம் ஒருவருக்கும் பெரிதாக இருந்திராது.

இது அமெரிக்கர்களின் பிரச்சினை என்று நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எங்கள் யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. வருவது யார் என்பதை நாங்கள் நிறத்தால்தான் அறிந்தோம். பச்சையா, வரியா, 1987க்கும் 1990க்கும் இடையில் என்றால் இந்தியனா என்று பார்த்துத்தான் சனம் வாயைத் திறந்தது. இன்று புலம்பெயர்ந்த நாடுகளின் மண்டபங்களில், பாட்டுக்கு ஏற்பப் பிள்ளைகள் வரிச்சீருடை போட்டுக்கொண்டு மேடையில் ஓடி விழுகிறார்கள். அந்த மேடையும் எங்கள் மீள்நடிப்புத்தான். வரி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைக்கிறவர்கள் எங்களிடமும் உண்டு.

அந்த உடுப்பைக் கண்டு மண்டபத்தில் விம்முகிற தாயைக் கேள்வி கேட்க எங்களுக்கு மனமில்லை. அவளுக்கு அது கொள்கையோ அரசியலோ இல்லை, பிள்ளையைக் கடைசியாகக் கண்ட கோலம். பிள்ளையைப் புதைத்த துயிலும் இல்லத்தையும் இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியபின் அவளுக்குத் தொட்டுப் பார்க்க மிஞ்சியது ஒரு துணியின் நினைவுதான். நாங்கள் கேட்பது மேடையைத் தயாரிக்கிறவர்களிடம். அந்த உடுப்பை விரும்பிப் போட்டவர்கள் இருந்தார்கள். பிடித்துக்கொண்டுபோய்ப் போடவைக்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். இருவருக்கும் வரி ஒன்றுதான். 1990 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடம் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னவர்களும் அந்தத் தரப்பின் ஆயுததாரிகள்தான். நகையையும் காசையும் அங்கேயே வைத்துவிட்டு, கையில் பிள்ளையோடு நடந்துபோன அந்தச் சனம் எங்கள் மேடையில் எந்தப் பக்கத்தால் வருகிறது? தென்பகுதிச் சட்டையின் பருத்தி நூலைக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் சட்டையின் பாவு நூலையும் கேட்கத் தெரியவேண்டும்.

சீருடையே இல்லாத ஒரு மீள்நடிப்பும் எங்களிடம் இருக்கிறது. கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்கிறோம். அரிசி, தண்ணீர், உப்பு. இதிலும் அசல் பற்றிய விவாதம் உண்டு. தேங்காய்ப்பால் விட்டால் அது முள்ளிவாய்க்கால் கஞ்சி ஆகுமா என்று கேட்கிறவர்களும் நூலை எண்ணுகிறவர்களே. ஆனால் இந்தக் கேள்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஏன் தேங்காய் இல்லை? ஏன் வரிசை? வரிசைமீது ஷெல் அடித்தது யார்? சனத்தை அங்கிருந்து வெளியேற விடாமல் மறித்தது யார்? ஒரு கிண்ணக் கஞ்சியிலிருந்து இந்த நான்கு கேள்வியும் தானாக வருகின்றன. அரசுக்கும் இது விளங்கியிருக்கிறது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள்.

கஞ்சி குடித்தால் அந்தப் பசி தெரிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. குடித்துவிட்டு இரவு வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். எந்த நகலும் அசல் அனுபவத்தைத் தராது. ஆனால் நகல் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பொருளைச் சரியாகச் செய்துவிட்டதால் உண்மை முழுவதும் சொல்லியாகிவிட்டது என்று வாயை மூடவைக்கும். மற்றது, பொருளைச் சரியாகச் செய்ததாலேயே இல்லாதவற்றைப் பற்றிக் கேட்கவைக்கும். தையலை எண்ணுவதில் பாவம் ஒன்றும் இல்லை. எண்ணத் தொடங்கினால் பருத்தி பறித்த கைவரை, கூலி கேட்ட தையற்காரிவரை, மூன்று டொலர் வெட்டப்பட்ட சிப்பாய்வரை எண்ணவேண்டும். பாதியில் நிறுத்துகிற கணக்குத்தான் பொய்.

எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் ஒருநாள் எங்கள் யுத்தத்தின் உடுப்புகளைத் தேடி வரக்கூடும். இங்கே பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வருவது இயற்கை. வரியின் அகலம் என்ன, பச்சையின் சாயல் என்ன, சப்பாத்து எந்த ஊரில் செய்தது என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுவோம், மறைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சீருடைக்கும் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக் கொடுப்போம்: இதைக் கண்டு ஓடியவர் யார், அவர் கையில் எதை எடுத்துக்கொண்டு போனார்? பச்சைக்கும் எழுதுவோம், வரிக்கும் எழுதுவோம். அந்தப் பதில் எழுதப்படாத உடுப்பை, எவ்வளவு அசலாகத் தைத்திருந்தாலும், பிள்ளைகளுக்குப் போட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் எண்ணம்.